புல்லைக் காசு கொடுத்து வாங்கியவன்

வாசல் அலங்காரத்துக்கு யார் பொறுப்பு எடுப்பது என்று தோட்டக் கூட்டத்தில் கேட்டபோது கையைத் தூக்கியவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாருக்கும் தோட்டம் செய்யத் தெரியும், அதனால் பேசாமல் இருந்துவிட்டார்கள். எனக்கு இலையை வைத்துப் பாகலையும் பீர்க்கையும் பிரித்தறியத் தெரியாது. ஆனால் அழகுணர்ச்சி மட்டும் தாராளமாக இருக்கிறது என்று நெடுநாள் நம்பிக்கை. எங்கள் வீட்டு முன்னறைச் சுவரின் நிறம் என் தெரிவு. மறுவருடமே மனைவி அதை மாற்றிவிட்டார் என்பதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

தோட்டம் ரொறன்ரோவின் ஸ்கார்பரோப் பகுதியில், மல்வேர்னில், உயரழுத்த மின்கம்பிகள் போகும் பாதைக்குக் கீழே இருக்கிறது. ஹைட்ரோ காணி என்போம். கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது, மரம் வளர்க்க முடியாது. சும்மா கிடந்தால் புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காணித் துண்டுகளில் ரொறன்ரோ முழுக்கத் தோட்டங்கள் வந்திருக்கின்றன. இந்த மண்ணுக்கு அது புதிய வேலையும் அல்ல. 1950களில் மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே இருந்த பண்ணைகளை வாங்கி, சாதாரணச் சம்பளக்காரருக்கு வீடு கட்டத் திட்டம் போட்டது. ஆட்கள் குடிவந்தது 1970களில்தான். அதுவரை இது உழுத நிலம். பிறகு கரீபியன் தீவுகளிலிருந்து வந்தார்கள், பிலிப்பீன்ஸிலிருந்து வந்தார்கள், 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர் நாங்களும் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்தோம். இப்போது என் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தியில் ஜமேக்கா அம்மா ஒருவர் கலலூ என்று ஒரு கீரை விதைக்கிறார். எட்டிப் பார்த்தால் நம்முடைய முளைக்கீரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

பொதுத் தோட்டம் இது. யாரும் உள்ளே வரலாம், நடக்கலாம், பார்க்கலாம். ஆனால் ஒருவரும் வருவதில்லை. நடைபாதையில் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள், கத்தரிக்காயை ஒரு கணம் ஆசையோடு நோக்குவார்கள், போய்விடுவார்கள். வாசல் சரியில்லை, அதுதான் ஆட்கள் வருவதில்லை என்று கூட்டத்தில் முடிவாயிற்று. வாசல் என்று சொன்னது வேலியில் ஒரு இடைவெளியும் அதில் ஒரு சங்கிலியும்.

பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் முதலில் செய்ய வேண்டியது என்ன? வாசலில் போய் நின்று, யார் வருகிறார்கள், எதில் வருகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. நான் அதைச் செய்யவில்லை. காரை எடுத்துக்கொண்டு ரொறன்ரோ தாவரவியல் பூங்காவுக்குப் போனேன்.

லெஸ்லி வீதியும் லோரன்ஸ் வீதியும் சந்திக்கும் இடம் அது. ரூபர்ட் எட்வர்ட்ஸ் என்ற தொழிலதிபர் 1944இல் வாங்கி அழகாக்கிய காணி; நகரம் அதை வாங்கி 1956இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. அந்தப் பூங்காவின் நுழைவுத் தோட்டத்தைத்தான் நான் பார்க்கப் போனேன். ஹொலண்ட் நாட்டுத் தோட்டக் கலைஞர் பீற் ஔடொல்ஃப், இங்குள்ள மார்ட்டின் வேட் என்பவரின் குழுவோடு சேர்ந்து 2006இல் உருவாக்கியது. நியூயோர்க்கில் பழைய இரயில் பாலத்தின் மேல் இருக்கும் ஹைலைன், சிக்காகோவின் லூரி தோட்டம் இரண்டிலும் நடுகை இவருடையதுதான். நான் போனது செப்டெம்பரில். அங்கே ரோஜாப் பாத்தி இல்லை, நீரூற்று இல்லை, சிங்கச் சிலை இல்லை. இடுப்பளவு, தோளளவு உயரத்தில் புல். புல்லுக்கிடையே ஊதாவும் கபிலமுமாகக் காய்ந்துகொண்டிருக்கும் பூத்தலைகள். வெயில் சாய்ந்து விழ, முழுவதும் பொன்னிறம்.

ஔடொல்ஃபின் கொள்கை இது: பூ நாலு வாரம்தான், செடியின் உருவம் வருடம் முழுக்க. பட்டுப்போன பிறகும் பார்க்க நன்றாக இருக்கும் செடியை நடு. பனியிலும் அதன் தண்டும் விதைத்தலையும் நிற்கட்டும். குளிர்காலம் முடியும்போது வெட்டு. இதைப் படித்ததும் எனக்குப் பெரும் நிம்மதி. செடி சாவதையே அழகாக்கிவிட்டார் ஒருவர். இந்தத் துறையில் எனக்கும் எதிர்காலம் இருக்கிறது.

மறுவருட வசந்தத்தில் செடிக்கடைக்குப் போய் சுவிட்ச்கிராஸ், சிறு நீலத்தண்டுப் புல், எக்கினேசியா, ருட்பெக்கியா, இன்னும் பெயர் மறந்த பலவற்றை வாங்கினேன். எல்லாம் வகைக்கு ஒன்று. கலியாண வீட்டுப் பந்தியில் எல்லாக் கறியையும் ஒவ்வொரு கரண்டி போட்டுக்கொள்பவனின் ஆசை அது. ஔடொல்ஃப் ஒரே செடியைக் கூட்டம் கூட்டமாக நடுவார், ஒரு கூட்டம் மற்றதற்குள் கரைந்து போகும் என்பதெல்லாம் நான் பார்த்த படங்களிலேயே தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒவ்வொன்றாக வாங்கினேன். வாசலுக்கு இரு பக்கமும் நட்டுவிட்டு, அது வளர்ந்து பொன்னிறமாகும் நாளை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த முறை போனபோது வாசல் பளிச்சென்று இருந்தது. வெறும் மண். தோட்டத்தின் மூத்த அங்கத்தவரான ஆச்சி கையில் உழவாரத்தோடு நின்றார்.

"தம்பி, வாசல் முழுக்கப் புல்லு மண்டிக் கிடந்தது. காலமை வந்து எல்லாத்தையும் புடுங்கிப்போட்டன். இனி நீங்கள் வடிவான பூக்கண்டாய்ப் பாத்து வையுங்கோ."

"ஆச்சி, அது வாங்கி வைச்சது."

"எது?"

"புல்லு."

ஆச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை, கேலியுமில்லை. வைத்தியர் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது நமக்குப் பிடிபடாத ஒரு முகபாவம் வருமே, அது.

"காசு குடுத்தோ?"

அன்று மாலைக்குள் செய்தி பாத்தி பாத்தியாகப் பரவிவிட்டது. ஜமேக்கா அம்மாவுக்கும் யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைக் கண்டதும் கீரைக்கட்டு ஒன்றைக் கையில் திணித்து, இதுக்குக் காசு வேண்டாம் என்றார்.

நான் கொஞ்ச நாள் மனம் நொந்து திரிந்தேன். கலையைப் புரியாத ஊர் என்றுகூட மனைவியிடம் சொன்னேன். பிறகுதான் ஜோன் நசாவர் என்ற அமெரிக்க நிலவமைப்புப் பேராசிரியர் 1995இல் எழுதிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. காட்டுத்தனமான நடுகையைக் கண்டால் சனங்கள் அழகு என்று நினைப்பதில்லை, யாரும் கவனிக்காமல் விட்ட இடம் என்றுதான் நினைப்பார்கள் என்கிறார். அதனால் அதைச் சுற்றி ஓர் ஒழுங்கான சட்டம் வேண்டும்: சீராக வெட்டிய ஒரு புல்விளிம்பு, நேராக வைத்த கல்வரிசை, வர்ணம் பூசிய வேலி. இங்கே ஒருவர் கைவைத்துப் பார்க்கிறார் என்று விளிம்பு சொன்னால் போதும், உள்ளே எவ்வளவு கட்டுக்கடங்காமல் இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். ஔடொல்ஃபின் புல்லுக்குப் பக்கத்தில் சுத்தமான நடைபாதையும் கட்டிடத்தின் கண்ணாடிச் சுவரும் இருந்தன. என் புல்லுக்குப் பக்கத்தில் ஒரு சங்கிலியும் கிழிந்த உரப்பையும் இருந்தன.

ஆச்சிக்கு இதையெல்லாம் நசாவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் வளர்ந்த வளவில் விடிய எழும்பி முற்றம் கூட்டுவார்கள். மணலில் விளக்குமாற்றின் கோடு வரிவரியாகத் தெரிய வேண்டும்; ஒரு புல் தலைகாட்டினால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குத்தான் பேச்சு விழும். வெறும் மண் என்பதே அங்கே வரவேற்பு. அவர் என் வாசலைப் பார்த்து, பாவம் இந்தப் பெடியனுக்கு உதவி செய்வோம் என்று முதுகு நோக வேலை செய்திருக்கிறார். அந்த வயதில் சுவிட்ச்கிராஸை வேரோடு பிடுங்குவது லேசான காரியமல்ல.

இரண்டாவது திட்டம் வளைவு. இதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பேராதனைப் பூங்காவுக்குப் போய், அந்த நெட்டைப் பனை வரிசையின் நடுவே அண்ணாந்து நின்ற ஞாபகம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். 147 ஏக்கர் பூங்காவுக்குப் பொருந்தும் கம்பீரத்தை, இரண்டு தள்ளுவண்டி ஒருங்கே நுழைய முடியாத எங்கள் இடைவெளிக்கு வரைந்தேன். இரும்பு வளைவு, உச்சியில் கலசம். வரைபடத்தைக் கூட்டத்தில் விரித்தபோது, மின்சார வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் மெல்ல எழுந்து ஜன்னல் பக்கம் போய், கையை மேலே காட்டினார். உயரழுத்தக் கம்பிக்கு நேர் கீழே கூரான உச்சியோடு இரும்பை நிறுத்தப் போகிறீர்களோ என்று மரியாதையாகக் கேட்டார். காணியை எங்களுக்கு விட்ட ஒப்பந்தத்தில் நிரந்தரக் கட்டுமானம் கூடாது, உயரமாக எதுவும் கூடாது என்று முதல் பக்கத்திலேயே இருந்ததாம். நான் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. கடைசியில் தச்சு வேலை தெரிந்த ஒருவர் கழற்றிவைக்கக்கூடிய தாழ்ந்த மரச்சட்டம் ஒன்றை அடித்துத் தந்தார். நெட்டையானவர்கள் குனிந்து வர வேண்டும். அதை நான் பணிவின் அடையாளம் என்று விளக்கினேன்.

புது வாசலின் திறப்பு விழாவுக்கு வாழை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. வாசலில் இரண்டு வாழை, மாவிலைத் தோரணம், மேசையில் நிறைகுடம், பக்கத்தில் குத்துவிளக்கு. இதற்கு மேல் ஒரு தமிழனுக்கு வரவேற்பு என்றால் என்ன? மாவிலை தமிழ்க்கடையில் கிடைத்தது. வாழைதான் பிரச்சினை. ரொறன்ரோவில் நிம்மதியாகக் குளிர்காலம் கழிக்கும் வாழையைப் பார்க்க வேண்டுமென்றால் அலன் தோட்டம் போன்ற ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகைக்குள் அது நம்மைவிடச் சுகமாக இருந்தது. நான் தொட்டியில் வளர்ந்த கன்றுகளை நல்ல விலை கொடுத்து வாங்கி, மே மாத முதல் வாரத்திலேயே தொட்டியோடு வாசலில் வைத்தேன்.

இந்த ஊரில் தோட்டம் செய்யும் எந்தக் குழந்தையிடம் கேட்டாலும் சொல்லும், விக்டோரியா தினம் வரும்வரை குளிர் தாங்காத கன்றை வெளியே வைக்காதே என்று. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. ஆனால் என் கையில் இருந்தது பஞ்சாங்கம். அதன்படி அதற்கு முந்திய சனிக்கிழமைகளில் ஒன்று மிக நல்ல நாள். வெள்ளிக்கிழமை இரவு உறைபனி விழுந்தது. காலையில் வாழை இலைகள் கறுத்து, வெந்து, தண்டோடு ஒட்டித் தொங்கின. பஞ்சாங்கக்காரர் ரொறன்ரோவுக்கு நாழிகை மாற்றிக் கணித்திருந்தார். வெப்பநிலையை யாரும் மாற்றித் தரவில்லை.

பத்து மணிக்கு விருந்தாளிகள். ஒன்பதரைக்கு ஒருவர் தன் வானைத் திறந்து இரண்டு வாழைமரங்களை இறக்கினார். குலையோடு, பொத்தியோடு. கலியாண மண்டப அலங்காரத்துக்கு வாடகைக்குக் கொடுக்கும் பிளாஸ்ரிக் வாழை. அசல் மண்ணில் அசல் உணவு என்று பதாகை கட்டிய தோட்டத்தின் வாசலில் அவை நின்றன. அன்று வந்த எல்லாரும் படம் எடுத்தது அவற்றுக்குப் பக்கத்தில்தான். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இலையைத் தடவிப் பார்த்து, இதை இங்கே எப்படி வளர்க்கிறீர்கள் என்று என்னிடம் வியந்து கேட்டார். கஷ்டம்தான், ஆனால் ஆர்வம் இருந்தால் முடியும் என்று சொன்னேன். இதை இதுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

கல்லுக்கு வருவோம். வாசலிலிருந்து உள்ளே போகும் பாதைக்கு உருண்டைக் கூழாங்கல் போட வேண்டும் என்பது என் யோசனை. நடக்கும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும், காலுக்கே ஒரு வரவேற்பு என்றெல்லாம் பேசினேன். அகலம் இரண்டரை அடி. ஒற்றையடிப் பாதையின் கவித்துவம் வேண்டுமென்று நான்தான் வற்புறுத்தினேன். ஒன்ராறியோவில் உயர்பள்ளி மாணவர்கள் பட்டம் பெற 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள்தான் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டிப் பரப்பினார்கள்.

முதலில் மாட்டிக்கொண்டது ஒரு குழந்தை வண்டில். அடுத்தது கடைச்சாமான் இழுக்கும் இரண்டு சில்லு வண்டில். பிறகு ஆச்சியின் வோக்கர். நான்கு சில்லும் கல்லுக்குள் புதைந்து நிற்க, ஆச்சி நடுவில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னுக்கும் போகேலாது, திரும்பவும் இடமில்லை, கவித்துவம் இரண்டரை அடிதான். நானும் இன்னொருவரும் வோக்கரைத் தூக்க, ஆச்சி எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "தம்பி, இது கடற்கரை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். பாராட்டு என்று ஒரு வினாடி நினைத்துவிட்டேன்.

ஒன்ராறியோவின் அணுகல் சட்டம் 2005இல் வந்தது. அதன் கீழுள்ள பொது இட விதிகளில் வெளிப்புற நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்: குறைந்தது ஒன்றரை மீற்றர் அகலம், 20 அடி தூரத்துக்கு ஒரு அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது, பரப்பு உறுதியாக, அசையாமல், வழுக்காமல் இருக்க வேண்டும். வாசித்தபோது யாரோ என் பாதையைப் பார்த்துவிட்டு, அதற்கு நேரெதிராக எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒன்றரை மீற்றர் ஏன் என்றால், சக்கர நாற்காலியில் வருபவரும் எதிரே நடந்து வருபவரும் ஒருவருக்காக ஒருவர் பாத்திக்குள் இறங்காமல் கடக்க வேண்டும் என்பதற்காக. கூடப் பேசிக்கொண்டு நடக்க இன்னொருவருக்கும் இடம் கிடைக்கும். நம் ஆட்கள் தனியாக நடப்பதே இல்லை என்பது எனக்குத் தெரியாததா? பிறகு சுண்ணாம்புக்கல் தூளை வாங்கி, நனைத்து, இடித்து இறுக்கினோம். சிமெந்து இல்லாமலே வோக்கர் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கூழாங்கல்லை அள்ளி எடுத்ததும் அதே பிள்ளைகள். ஒரு பெடியன் தன் தொண்டுப் பத்திரத்தில் மணித்தியாலங்களில் பாதி கல்லைப் போட்டதற்கும் மீதி எடுத்ததற்கும் என்று கணக்கு எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கினான்.

பெயர்ப்பலகையில் ஐந்து மொழிகளில் நல்வரவு. அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லும்படி படத்தை எனக்கு அனுப்பினார்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்து, பிரமாதம் என்று பதில் போட்டேன். வந்த பலகையில் 'வரவேற்கிறோம்' என்பதன் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. கணினி எழுத்துருச் சண்டையில் தமிழ் படும் பாட்டை ரொறன்ரோக் கடைப்பலகைகளில் பார்த்துப் பார்த்துச் சிரித்தவன் நான். அதைக்கூட வெள்ளை வர்ணம் பூசிச் சரிசெய்துவிடலாம். பெரிய தவறு கீழே இருந்தது. நல்வரவுக்குக் கீழே, ஆங்கிலத்தில் மட்டும், நான் சிரத்தையோடு தொகுத்த விதிகள்: நாய் கூடாது, சைக்கிள் கூடாது, பறிக்கக் கூடாது, பாத்திக்குள் இறங்கக் கூடாது, பிள்ளைகள் தனியே வரக் கூடாது, அந்தி பட்ட பிறகு கூடாது. அழைப்பு ஒரு சொல், விலக்கு ஒரு பந்தி. எட்டத்தில் நின்று பார்க்கிறவருக்குத் தனியார் காணி என்ற எண்ணம்தான் வரும். உள்ளே வரலாமோ என்று கேட்ட ஒரு பிலிப்பீன்ஸ் தாதிக்கு, தாராளமாக வாருங்கள் என்றேன். அவர் பலகையைக் காட்டினார். கூடவே சங்கிலியையும் காட்டினார். சங்கிலி அப்போதும் அங்கேதான் இருந்தது. வளைவு, வாழை, கல் என்று ஓடித் திரிந்ததில் அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

குளிர்காலம் வந்து மீதியை முடித்துவைத்தது. நடைபாதைப் பனியை வழித்து ஒதுக்கும் இயந்திரம் அதை எங்கே குவிக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. எங்கே என்றால், என் வாசற் பாத்தியில். பனியோடு உப்பும் சேர்ந்து. உப்பின் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பையே குலைத்து, தண்ணீர் இறங்காத பாளமாக்கிவிடும். ஸ்கார்பரோ மண் ஏற்கெனவே களி. ஒக்ரோபரில் நட்ட துலிப் கிழங்குகளை அணில் முதலே தோண்டித் தின்றிருந்தது, அதனால் உப்புக்கு அந்தப் பாவம் சேரவில்லை. வசந்தத்தில் அங்கே உயிரோடு மிஞ்சியிருந்தது யாரோ இரக்கப்பட்டுத் தந்த டேலிலி மட்டும். உப்பைத் தாங்கும் இன்னொரு செடி சுவிட்ச்கிராஸ். அது வாசலில் இல்லை. ஆச்சி பிடுங்கி எறிந்த இடத்தில், உரக்குழிக்கு அருகே வேர்விட்டு என் நெஞ்சளவுக்கு வளர்ந்து நின்றது.

இவ்வளவுக்கும் நடுவே, வாசலில் ஒரு நிலையான வருகை நடந்துகொண்டுதான் இருந்தது. நான் அதை வருகையாகக் கணக்கெடுக்கவில்லை. நீல்சன் வீதி பஸ்ஸில் மல்வேர்ன் ரவுண் சென்ரரிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு வரும் வயதான பெண்கள், எங்கள் வேலிக்கு வெளியே பைகளை வைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். யாரோ விட்டுப்போன ஒரு வாளியைக் கவிழ்த்து, ஒருவர் மாறி ஒருவர் அதில் இருப்பார்கள். அந்த வாளி படத்தில் விழுகிறது என்று நான் அடிக்கடி அதை எடுத்து உள்ளே வைப்பேன். அடுத்த நாள் அது திரும்ப வெளியே வந்திருக்கும்.

ஒருநாள் கையும் களவுமாக வாளியோடு பிடிபட்டேன்.

"தம்பி, அதைக் கொண்டுபோனால் நாங்கள் எதிலை இருக்கிறது?"

"உள்ளுக்கு வாங்கு இருக்கு அம்மா, வாங்கோ, வந்து இருங்கோ. அங்கை பூவெல்லாம் இருக்கு."

"உள்ளுக்கு வந்து இருக்க நேரமில்லையப்பா. பஸ்ஸாலை இறங்கி வீட்டை போற வழியிலை ஒருக்கா காலை ஆறவைக்கத்தான். உள்ளுக்கு வந்தால் பிறகு கதைக்க வேணும்."

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலையை நான் பார்த்திருக்கிறேன். தெருப்படலைக்கு மேலே ஓலைக் கூரை, கீழே இரு பக்கமும் திண்ணை, சில வீடுகளில் ஒரு தண்ணீர்ப் பானை. அந்த நிழல் வீட்டுக்காரருடைய நிழல், ஆனால் அது விழுந்தது தெருவில். வழியில் போகிறவர் படலையைத் தட்ட வேண்டியதில்லை, யாரென்று சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்காரரின் பெண் எடுத்த வழிச் சொந்தம் வரை விசாரணைக்கு ஆளாக வேண்டியதில்லை. இருந்து, தண்ணீர் குடித்து, எழும்பிப் போகலாம். பருத்தித்துறையில் தும்பளைத் தெருவில் தெருமூடி மடம் என்றே ஒன்று இருக்கிறது. தெரு மடத்தின் கூரைக்குக் கீழாலேயே போகிறது. மடத்துக்குள் போவதா வேண்டாமா என்று வழிப்போக்கர் முடிவெடுக்கவே தேவையில்லை. தலையில் சுமையோடு வருபவருக்கு இன்னொருவர் கை கொடுக்காமலே இறக்கிவைக்கும் உயரத்தில் சுமைதாங்கி. கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக அதைக் கட்டுவார்கள். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல், குடிக்கக் கேணி. மனிதன், சுமை, மாடு என்று மூன்றுக்கும் வாசலில் ஏற்பாடு செய்தவர்கள் வழியில் வந்துவிட்டு, நான் பஸ்ஸில் வரும் மூன்று பேரின் வாளியைப் பறித்துக்கொண்டிருந்தேன். அதற்காக ஹொலண்ட்காரரிடம் வேறு போயிருந்தேன். அவர் மேல் பிழையில்லை. அவருடைய வாசலுக்கு ஆட்கள் கார் நிறுத்துமிடத்திலிருந்து வருகிறார்கள்.

நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்பதால் சங்கடப்படலை கட்ட முடியாது. வேலிக்கு வெளியே, நடைபாதையை மறிக்காமல், தூக்கி நகர்த்தக்கூடிய மரவாங்கு ஒன்று வைத்தோம். பக்கத்தில் பை வைக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை. வாங்கின் கைபிடி அகலமாக இருக்க வேண்டும் என்று ஆச்சி சொன்னார். முழங்கால் நோவுள்ளவர்கள் எழும்பும்போது உந்துவது அதில்தான். வாங்கு போதவில்லை என்று யாரோ தன் வீட்டு கராஜில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரைகளையும் கொண்டுவந்து போட்டார், மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கியவை. சிவப்பு, நீலம், ஒன்று கால் உடைந்தது. படத்துக்கு மிக மோசமாக இருக்கிறது. சங்கிலியும் போய்விட்டது. இருந்துவிட்டு எழும்புகிறவர்களில் சிலர், கதைக்க வேண்டி வரும் என்ற ஆபத்தையும் மீறி, கத்தரிக்காயை அருகில் பார்க்க உள்ளே வருகிறார்கள். என் செடிகளைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்த வருடக் கூட்டத்தில் வாசல் பொறுப்பு கைமாறியது. கல்லைப் போட்டு எடுத்த பெடியனின் தங்கச்சி எடுத்திருக்கிறாள். கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே அவள் பஸ் தரிப்பிடத்திலிருந்து வாசல் வரை நடந்து, எங்கெங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே தெருவிளக்கு வெளிச்சம் விழவில்லை என்று கொப்பியில் குறித்துவைத்திருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் சற்றுப் பலமாகவே தட்டினேன். அடுத்ததாக, உரக்குழிக்கு யார் என்று தலைவர் கேட்டார். அறையில் மீண்டும் அமைதி. கை தன்னாலே மேலே போய்விட்டது.

உரக்குழிக்குப் போகும் வழி ஒன்றரை மீற்றர் இருக்கிறதா என்று நேற்று அளந்து பார்த்தேன். இல்லை. நடுவில் என் சுவிட்ச்கிராஸ் நிற்கிறது. அதைப் பிடுங்கலாமா என்று ஆச்சியிடம் கேட்டேன். காசு குடுத்து வாங்கினதெல்லோ, நிக்கட்டும், பாதையை அங்காலை தள்ளுங்கோ என்றார்.